பல்லைத் துலக்குகிறோம், தூரிகையைத் துலக்குகிறோமா?

பொழுது புலர்ந்ததும் பல் துலக்கி, வாய் கொப்பளித்து, முகங்கழுவிய பின்னரே வேறு கருமங்களைத் தொடங்குதல் வேண்டும் என்பது தமிழர் இல்லங்களிலே தலைமுறை தலைமுறையாகப் போற்றப்பட்டு வரும் ஒழுக்கமாகும். பல் துலக்காத வாயினால் ஒரு மிடறு தேநீர் அருந்துவதற்கும் நம் பாட்டிமார் ஒருப்படமாட்டார்கள். சைவ மக்களின் நாட்கடன்களை வகுத்துரைத்த ஆறுமுக நாவலர் அவர்கள், தமது சைவ வினாவிடையிலே தந்தசுத்தியையும் அக்கடன்களுள் ஒன்றாக வைத்துக் கூறியிருக்கின்றார்கள். உடலின் தூய்மை உள்ளத்தின் தூய்மைக்கு முதற்படி என்பதே நம்மவர் கொள்கை.

இத்துணை அக்கறையோடு பல்லைத் துலக்கும் நாம், அதைத் துலக்கும் கருவியைப் பற்றிச் சிறிதேனும் எண்ணிப் பார்க்கின்றோமா? வீட்டிலே ‘பிறஷ்’ என்று வழங்கப்படும் பற்தூரிகை, வாயிலுள்ள அழுக்கை அகற்றுவது. அகற்றப்பட்ட அழுக்கு எங்கே போகின்றது? பெரும்பகுதி நீரோடு போய்விடுகின்றது. எஞ்சிய பகுதி தூரிகையின் நார்களுக்கிடையே தங்கிவிடுகின்றது. அதே தூரிகையையே இரவிலும் மறுநாட் காலையிலும் மீண்டும் வாய்க்குள் இடுகின்றோம். உண்கலத்தைக் கழுவாமல் அடுத்த வேளை அதில் உண்ண உடன்படாத நாம், தூரிகையைக் குழாயடியில் ஒருகணம் காட்டிவிட்டு, ஈரத்தோடு ஒரு மூலையிற் போட்டுவிடுவது முறையாகுமா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குச்சியும் தூரிகையும்

நம் முன்னோர் வேப்பங்குச்சியையும் ஆலம் விழுதையும் நாயுருவி வேரையும் கொண்டு பல் துலக்கினர். குச்சியின் நுனியை மென்று தும்பாக்கித் துலக்கியபின், அதனையே இரண்டாகப் பிளந்து நாக்கை வழித்து, எறிந்துவிடுவர். இன்று பயன்பட்ட குச்சி நாளைக்கு இல்லை. அதனைப் பேணிவைக்க வேண்டும், உலர்த்த வேண்டும், பிறர் கருவியோடு கலவாமற் காக்க வேண்டும் என்ற கவலைகளுக்கு அங்கே இடமே இருக்கவில்லை. உமிக்கரியை விரலினால் எடுத்துத் துலக்கியோருக்கும் அஃதே. விரலைக் கழுவினால் வேலை முடிந்தது.

இதனாற் பழையன யாவும் சிறந்தன என்று கூற வந்தோமல்லோம். கரியும் செங்கற்றூளும் பல்லின் மேற்பூச்சாகிய மிளிரியைத் தேய்த்துப் பற்கூச்சத்தை உண்டாக்கின. கடைவாய்ப் பற்களின் உட்புறத்தைக் குச்சி எளிதிற் சென்றடையவில்லை. இவ்வகையில் தூரிகை மேலானதே. ஆயினும், குச்சியினின்று தூரிகைக்கு மாறியபோது நாம் ஒன்றை மறந்துவிட்டோம். குச்சியின் வாழ்வு ஒரு நாள். தூரிகையின் வாழ்வோ பல வாரங்கள். நீண்டகாலம் வாழும் கருவிக்கு நீண்டகாலப் பராமரிப்பும் வேண்டும். கருவியை ஏற்றுக்கொண்ட நாம், அதற்குரிய பராமரிப்பை ஏற்றுக்கொள்ளவில்லை.

பற்தூரிகையின் வரலாறும் இதனையே கற்பிக்கின்றது. 15ஆம் நூற்றாண்டளவிற் சீன தேசத்திலே பன்றியின் முரட்டு மயிரை எலும்பிலோ மூங்கிலிலோ பதித்துத் தூரிகை செய்தனர். 1780ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே வில்லியம் அடிஸ் என்பவர் தூரிகைகளைப் பெருந்தொகையாகச் செய்து விற்கத் தொடங்கினார். அக்காலத்துத் தூரிகைகளுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. விலங்கின் மயிர் நீரை உறிஞ்சும், எளிதில் உலராது, உலராத மயிரிற் கிருமிகள் தங்கிப் பெருகும். 1938ஆம் ஆண்டிலே அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நைலோன் நார்த் தூரிகை முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோதுதான் இக்குறை பெரிதும் நீங்கியது. நைலோன் சிறிதளவே நீரை ஏற்கும், விரைவில் உலரும். விலங்கின் மயிரை வாயில் வைக்கக் கூசும் சைவ உணவினருக்கும் அது ஏற்புடையதாயிற்று. உலர்தலே தூய்மைக்கு அடிப்படை என்னும் உண்மையை இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிந்துகொள்ளலாம்.

வாயென்னும் சிற்றுலகம்

ஒல்லாந்து தேசத்து டெல்ஃப்ட் நகரத்திலே அந்தோனி வான் லீவன்ஹுக் என்னும் துணி வணிகர் ஒருவர் வாழ்ந்தார். தாமே தீட்டிய சிறு வில்லைகளினால் நுணுக்குக்காட்டிகளை அமைத்து, கண்ணுக்குப் புலப்படாதவற்றை ஆராய்வதிற் பேரார்வங் கொண்டவர் அவர். நாள்தோறும் உப்பினாற் பல் தேய்க்கும் வழக்கமுடைய அவர், அவ்வாறு தேய்த்த பின்னரும் பல்லிடுக்கில் எஞ்சியிருந்த வெண்ணிறப் படிவைச் சிறிது எடுத்து நீரிற் கலந்து நோக்கினார். அங்கே எண்ணிறந்த நுண்ணுயிர்கள் துள்ளித் திரிவதைக் கண்டு வியப்புற்றார். 1683ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே இலண்டன் அரச கழகத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில் இச்செய்தியைக் காணலாம். வாழ்நாளிற் பல் துலக்கியே அறியாத ஒரு முதியவரின் வாயிலும் அவர் இச்சோதனையைச் செய்து, அங்கே நுண்ணுயிர்கள் இன்னும் மிகுந்திருத்தலைக் கண்டார்.

இவ்வுயிர்கள் பல்லுக்குச் செய்யும் தீங்கு இன்னதென விளங்குவதற்கு மேலும் இருநூறு ஆண்டுகள் சென்றன. பேர்லின் நகரிலே ஆய்வு நடத்திய வில்லோபி மில்லர் என்னும் அமெரிக்கப் பல் வைத்தியர், வாயிலுள்ள கிருமிகள் மாச்சத்தையும் வெல்லத்தையும் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன என்றும், அவ்வமிலமே பல்லை அரிக்கின்றது என்றும் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். மனித வாயிலே 700க்கு மேற்பட்ட பக்றீரியா இனங்கள் இதுவரை இனங்காணப்பட்டுள்ளன. இவற்றுட் பல நமக்குத் தீங்கு செய்யாதன; சில நன்மையே செய்வன. தீயன மிகுந்து சமநிலை குலையும்போதே நோய் தோன்றுகின்றது. பல், வாய் நோய்களினால் உலகில் ஏறத்தாழ 350 கோடி மக்கள் வருந்துகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையிற் கூறியுள்ளது. ஆகவே, இது சிறியதொரு செய்தியன்று.

அச்சமும் உண்மையும்

தூரிகையிற் கிருமிகள் உள்ளன என்றதும் சிலர் நடுங்குவர். அந்நடுக்கத்தை மூலதனமாகக் கொண்டு கிருமிநீக்கிக் கருவிகளை விற்போரும் உளர். உண்மை யாது என்பதை ஆராய்ந்தறிதல் நன்று.

1975ஆம் ஆண்டிலே சார்ள்ஸ் கேபா என்னும் நுண்ணுயிரியலாளரும் அவருடைய தோழர்களும் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடத்தினர். மலசலகூடத்திலே விசையோடு நீரைப் பாய்ச்சும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் எழுகின்றன என்றும், கிருமிகளைச் சுமந்த அத்துளிகள் காற்றிலே மிதந்து பின்னர் அவ்வறையிலுள்ள பொருள்களின்மேற் படிகின்றன என்றும் அவர்கள் கண்டனர். குளியலறையும் மலசலகூடமும் ஒன்றாக அமைந்த இக்கால வீடுகளில், திறந்து வைத்த தூரிகையும் அப்பொருள்களுள் ஒன்றாதல் கூடும்.

இச்செய்தியைக் கேட்டு அருவருப்பு அடைவோர்க்கு ஆறுதல் தரும் ஆய்வொன்றும் உண்டு. அமெரிக்காவின் நோத்வெஸ்ரேண் பல்கலைக்கழக ஆய்வாளர் மக்களிடமிருந்து பழைய தூரிகைகளைப் பெற்று, அவற்றிலுள்ள நுண்ணுயிர்களைப் பரிசோதித்து, முடிவை 2021ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அத்தூரிகைகளிற் காணப்பட்டவை பெரும்பாலும் மனித வாயிலும் தோலிலும் வாழும் உயிர்களே. குடலினின்று வந்தவை என்று கொள்ளத்தக்கன மிகச் சிலவே. அஃதாவது, நம் தூரிகையிலுள்ள அழுக்கு பெரும்பாலும் நம்முடைய அழுக்கே. நலமுள்ள ஒருவருக்கு, தாம் பேணிவரும் தூரிகையிலுள்ள தம் வாய்க்கிருமிகளால் நோய் வரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே பல் வைத்தியச் சங்கங்களும் கூறுகின்றன.

அவ்வாறாயின் கவலையே வேண்டாமோ எனின், அற்றன்று. ‘என் வாய்க்கிருமி எனக்குத் தீங்கு செய்யாது’ என்பது உண்மையானால், ‘பிறர் வாய்க்கிருமி என் தூரிகைக்கு வருதல் ஆகாது’ என்பதும் உண்மையாகும். இவ்விடத்திலேதான் நம் இல்லங்களின் குறை வெளிப்படுகின்றது.

எச்சில் பேணும் வீடு

‘எச்சில்’ என்னும் சொல் நம் வாழ்விலே ஆழ வேரூன்றியது. ஒருவர் வாய் வைத்த பாத்திரத்தில் மற்றொருவர் நீர் அருந்தார். செம்பிலுள்ள நீரை உதடு படாமல் அண்ணாந்து குடிக்கக் குழந்தைக்குப் பழக்குகின்றோம். கறிக்கு உப்புப் பார்க்கும் தாய், அகப்பையை நாவிலே வைக்காமல் உள்ளங்கையிற் சிறிது ஊற்றியே சுவை பார்ப்பாள். நுண்ணுயிர்களைப் பற்றிய அறிவு தோன்றுவதற்கு முன்னரே தோன்றிய நல்லொழுக்கம் இது.

இதன் பொருளைத் திரித்து வழங்கியோரும் உண்டு. தேநீர்க் கடைகளிலே சாதி நோக்கிக் குவளையை வேறாக்கி வைத்த பழைய கொடுமை எச்சில் பேணுதலன்று. மனிதரை இழிவு செய்ததே அது. தம் எச்சில் பிறர்க்குத் தீங்காகாமற் காத்தலும், பிறர் எச்சிலினின்று தம்மைக் காத்தலும் ஆகிய இரண்டும் எல்லார்க்கும் ஒப்ப அமைந்தபோதே அஃது ஒழுக்கமாகும்.

இவ்வளவு எச்சில் பேணும் வீட்டிலே, குளியலறையை எட்டிப் பாருங்கள். தந்தை, தாய், பிள்ளைகள், பாட்டனார் ஆகிய ஐந்தாறு பேரின் தூரிகைகளும் ஒரே குவளையிலே தலையோடு தலை முட்டி நிற்கின்றன. ஒன்றின் ஈரம் மற்றொன்றில் வடிகின்றது. குவளையின் அடியிலோ பற்பசையும் நீரும் கலந்த கலங்கற் சேறு. இளைய மகனின் தொண்டைநோவும் தந்தையின் முரசிலிருந்து கசிந்த இரத்தமும் அங்கே ஒன்றுகூடுகின்றன. பாட்டனார் வாய் வைத்த குவளையிற் பேரன் நீர் குடித்தாற் கடிந்துகொள்ளும் தாயும் இதனைக் கண்டு வாளாவிருக்கின்றாள். பழைய ஒழுக்கத்தைப் புதிய கருவிக்கும் நீட்டுவதே இனி வேண்டுவது.

நாள்தோறும் செய்ய வேண்டுவன

முதலாவது, தூரிகையைத் தொடுமுன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். கையழுக்கு நாருக்கும், நாரழுக்கு வாய்க்கும் செல்வது இயல்பு.

இரண்டாவது, பல் துலக்கியபின் தூரிகையை ஓடும் நீரிலே பிடித்து, நார்களின் அடிவரை நீர் செல்லுமாறு பெருவிரலாற் பலமுறை நீவிக் கழுவுதல் வேண்டும். பற்பசையின் எச்சமும் உணவுத் துணுக்கும் பெரும்பாலும் நாரின் அடியிலேயே தங்குவன. பற்பசையின் நுரையே தூரிகையைத் தூயதாக்கிவிடும் என்று எண்ணுதல் தவறு. அந்நுரை எஞ்சிக் காய்ந்தால் அதுவே அழுக்குக்கு உறைவிடமாகும். கழுவியபின் இரண்டு மூன்று முறை நன்றாக உதறி நீரை வடியச் செய்க.

மூன்றாவது, கழுவும் நீர் நன்னீராயிருத்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டினர் பெரிதும் கிணற்று நீரையே நம்பி வாழ்பவர். அந்நிலத்தின் அடியிலுள்ள சுண்ணக்கற் படையினூடே மேலிருந்து ஊறும் அழுக்கு நிலத்தடி நீரை எளிதிற் சென்றடையும். மலக்குழிக்கு அருகேயுள்ள கிணற்று நீரும், வெள்ளத்தின் பின் கலங்கிய நீரும் ஐயத்துக்குரியன. குடிக்கத் தகாத நீர் வாய் கொப்பளிக்கவும் தூரிகை கழுவவும் தகாது. அத்தகைய காலங்களிற் கொதித்தாறிய நீரையே இரண்டுக்கும் பயன்படுத்துக.

நான்காவது, தூரிகையைத் தலை மேலாக நிமிர்த்தி, காற்றுப் படும் இடத்திலே நிறுத்திவைத்தல் வேண்டும். நிமிர்ந்து நிற்கும் தூரிகையிலிருந்து நீர் கீழே வடியும். காற்று நார்களை உலர்த்தும். வாய்க்கிருமிகளுட் பல ஈரமில்லாத இடத்திலே நெடுநேரம் வாழ மாட்டா. மூடியிட்ட பெட்டியிலும் பொலித்தீன் பையிலும் நாள்தோறும் ஈரத்தோடு அடைத்துவைத்தல் தூய்மையன்று. கிருமிகளுக்கு நாமே வளமனை கட்டிக் கொடுத்தலாகும்.

ஐந்தாவது, ஒன்றையொன்று தொடாதவாறு தூரிகைகளைத் தனித்தனியே வைத்தல் வேண்டும். தனித்தனித் துளைகளையுடைய தாங்கிகள் கடைகளிற் கிடைக்கும். அஃதில்லையேல் ஆளுக்கொரு சிறு குவளை போதும். ஒவ்வொருவரின் தூரிகையும் வெவ்வேறு நிறத்ததாக இருப்பின் மாறாட்டம் நேராது. குவளைகளையும் தாங்கியையும் வாரம் ஒருமுறை சவர்க்கார நீராற் கழுவி வெயிலிற் காயவைக்க. பற்பசைக் குழாயின் வாயைத் தூரிகையின் நார்மீது அழுத்தித் தேய்க்காது, சற்று மேலிருந்து பசையை இடுதலும் நன்று. குழாய் வீட்டுக்குப் பொது, தூரிகையோ ஒருவர்க்கே உரியது.

ஆறாவது, தூரிகையை மலசலகூடத்தினின்று இயன்றவரை தொலைவில் வைக்க. கொமோட்டு உள்ள அறையானால், மூடியை மூடியபின் நீரைப் பாய்ச்சும் பழக்கத்தை வீட்டார் அனைவரும் மேற்கொள்க. கரப்பானும் பல்லியும் எறும்பும் நடமாடும் இடத்தையும் தவிர்க்க. நீரூற்றும் தொட்டியின் ஓரமும் கிணற்றுக் கட்டும் தூரிகைக்கு உரிய இடங்களல்ல. காற்றோட்டமுள்ள சாளரத்தருகே, கண்மட்டத்திற்கு மேலே ஒரு சிறு தட்டு அமைத்தால் இக்குறைகள் யாவும் நீங்கும்.

ஏழாவது, மூன்று அல்லது நான்கு மாதங்களுக்கு ஒருமுறை புதிய தூரிகை வாங்குதல் வேண்டும். அதற்கு முன்னரே நார்கள் விரிந்து சிதறினால் அப்போதே மாற்றுக. விரிந்த நார் பல்லிடுக்கை அடையாது. மிக விரைவில் நார் விரிகின்றதெனின், துலக்குபவர் அளவுக்கு மிஞ்சி அழுத்துகின்றார் என்பதும் அதனால் விளங்கும். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 15 முதல் 20 தூரிகைகள் வேண்டும். இது வீண்செலவாகத் தோன்றலாம். சொத்தைப்பல்லுக்குச் செய்யும் மருத்துவச் செலவையும், இரவெல்லாம் பல்வலியால் அழும் குழந்தையையும் எண்ணிப் பார்ப்பவர்க்கு அவ்வாறு தோன்றாது.

கழித்த தூரிகை குத்துவிளக்கு துலக்கவும் சப்பாத்துத் துடைக்கவும் பயன்படுவது வீட்டு வழக்கம். அது நல்ல சிக்கனமே. ஆயின், கழித்ததும் அதன் பிடியை ஒடித்தோ கறுப்பு மையினாற் குறியிட்டோ வேறிடத்தில் வைத்துவிடுக. புளியும் சாம்பலும் தேய்த்த தூரிகையை அரைத்தூக்கத்தில் ஒரு பிள்ளை வாயிலே வைத்துவிடாதிருக்கட்டும்.

செய்யத் தகாதன

தூய்மையில் மிகையார்வங் கொண்டோர் சிலர், தூரிகையைக் கொதிக்கும் நீரில் இட்டு அவிப்பர். அதனால் நைலோன் நார்கள் தளர்ந்து வளையும், தூரிகை பயனற்றுப்போகும். நுண்ணலை அடுப்பில் வைப்பதும் அத்தகையதே. தூரிகை உருகிச் சிதைதல் கூடும். தரை கழுவும் கிருமிநாசினிகளிலும் வெளிற்றுத் தூள் கரைத்த நீரிலும் அதனைத் தோய்த்தல் தீங்கு. அந்நஞ்சின் எச்சம் வாயினுட் செல்லும். நாள் முழுவதும் கடும்வெயிலிற் போட்டுவைத்தாற் பிளாஸ்ரிக் பிடி நொறுங்கும். நாரிலே புழுதியும் படியும். புற ஊதாக் கதிரினாற் கிருமி கொல்லும் கருவிகள் கடைகளில் உண்டு. நலமுள்ள குடும்பத்துக்கு அவை இன்றியமையாதன அல்ல. நன்னீரும் காற்றும் செய்யும் வேலைக்குப் பெரும்பொருள் செலவிட வேண்டியதில்லை.

கழுவியது போதாது என்று கருதுவோர், கிருமியெதிர் வாய்க்கழுவு நீரிலோ, மருந்துக் கடையிற் கிடைக்கும் 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டுக் கரைசலிலோ தூரிகையின் தலையைச் சிறிது நேரம் தோய்த்து, பின்னர் நீரில் அலசலாம். அதனாற் கிருமிகளின் தொகை குறையும். ஒருமுறை பயன்பட்ட கரைசலை மறுமுறை பயன்படுத்துதலும், பலருடைய தூரிகைகளை ஒரே கரைசலில் தோய்த்தலும் ஆகா. தூய்மை செய்யப் புகுந்து தொற்றைப் பரப்பியவர் ஆவோம்.

கண்டிப்பாக விலக்க வேண்டியது

மேற்கூறியவற்றுட் சிலவற்றிலே தளர்வு நேர்ந்தாலும் பெருந்தீங்கு விளையாது. ஒன்றில் மட்டும் தளர்வு கூடாது. ஒருவர் தூரிகையை மற்றொருவர் ஒருபோதும் பயன்படுத்தலாகாது. கணவன் மனைவியர்க்கிடையேயும், தாய் பிள்ளைகளுக்கிடையேயும் இவ்விதிக்கு விலக்கில்லை.

காரணம் வெளிப்படை. பல் துலக்கும்போது முரசிலிருந்து கண்ணுக்குப் புலனாகாத அளவு இரத்தம் கசிதல் பலர்க்கும் உண்டு. ஹெப்பற்றைற்றிஸ் பி என்னும் ஈரல் நோயின் வைரசு இரத்தத்தின் வழியே தொற்றுவது. அது உடலுக்கு வெளியேயும் குறைந்தது 7 நாட்கள் ஆற்றல் குன்றாது இருக்க வல்லது. அந்நோயைத் தாங்கியிருப்பவர் பலர் வெளித்தோற்றத்தில் நலமுடையவராகவே காணப்படுவர். தம்மிடம் நோயிருப்பதை அவர்களே அறியார். ஆதலினாலேயே தூரிகையையும் சவர அலகையும் பகிர்ந்துகொள்ளலாகாது என்று வைத்தியர் வற்புறுத்துகின்றனர். விருந்தினராகச் சென்ற வீட்டிலே தூரிகையை மறந்து வந்தோமெனின், விரலினாற் பல் துலக்கி நன்றாகக் கொப்பளித்தல், இரவல் தூரிகையினும் நூறு மடங்கு மேலானது.

விடுதிகளிலே தங்கிப் படிக்கும் மாணவர் இதனைச் சிறப்பாக மனங்கொள்ள வேண்டும். பலர் ஒருங்கே நெருக்கியடித்துப் பல் துலக்கும் இடத்திலே தூரிகைகள் மாறுதல் எளிது. பிடியிலே தம் பெயரின் முதலெழுத்தைப் பொறித்துக்கொள்க. பயணத்தின்போது மூடியிட்ட உறையிலே தூரிகையைக் கொண்டுசெல்ல நேரும். அது தவிர்க்க முடியாதது. சேருமிடம் சேர்ந்ததும் முதல் வேலையாக அதனை வெளியே எடுத்துக் கழுவி நிமிர்த்தி வைக்க.

நோயுற்றோரும் குழந்தைகளும்

தடிமன், காய்ச்சல், தொண்டைநோவு கண்டு தேறியபின் புதிய தூரிகை வேண்டுமா என்று பலர் வினவுவர். தொண்டையழற்சி கண்ட பிள்ளைகளின் தூரிகைகளை டெக்சாஸ் மாநிலத்துக் கல்வெஸ்டன் நகர ஆய்வாளர் 2013ஆம் ஆண்டிற் பரிசோதித்தபோது, அந்நோயை விளைக்கும் கிருமி அவற்றில் வளரக் காணப்படவில்லை. ஆகவே, நலமடைந்தவர் தம் பழைய தூரிகையால் மீண்டும் நோயுறுவர் என அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் நோயாளியின் தூரிகையை நோய்க் காலத்திலே மற்றவர்களின் தூரிகைகளினின்று வேறாக வைத்தல் கட்டாயம். நோயெதிர்ப்பு வலிமை குன்றியோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், வாய்ப்புண் உடையோர் ஆகியோர் தூரிகையை மாற்றுவது பற்றித் தம் வைத்தியரின் அறிவுரைப்படி நடத்தல் வேண்டும்.

குழந்தைகள் தூரிகையைக் கடித்து மெல்லுவர்; நிலத்திலே போட்டு மீண்டும் வாயில் வைப்பர். அவர்களுடைய தூரிகை விரைவிற் பழுதுறும். மாதந்தோறும் ஒருமுறை அதனை நோக்குதல் தாய்மாரின் கடன். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசிமணியளவும், மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பட்டாணியளவும் பற்பசை போதும். தானே துலக்குகின்றேன் என்று பிள்ளை மகிழ்ந்தாலும், தூரிகையைக் கழுவி நிறுத்திவைப்பது வரை பெரியவர் ஒருவர் அருகிருந்து பழக்குக.

மழைக்காலத்தில் ஒரு தந்திரம்

வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலே காற்று ஈரமுற்றிருக்கும். துணி உலராத நாட்களிலே தூரிகை மட்டும் உலருமா? காலையிற் பயன்படுத்திய தூரிகை இரவு வரை ஈரமாகவே இருத்தல் அக்காலத்து இயல்பு. அதற்கு எளிய வழி, ஒவ்வொருவரும் இரு தூரிகைகளை வைத்து, காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதாகும். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 24 மணி நேரம் உலர்வதற்குக் கிடைக்கும். இரண்டும் மெதுவாகவே தேயுமாதலிற் செலவும் அதிகமாகாது. ஆயின், நார் விரியாவிடினும் உரிய காலத்தில் இரண்டையும் மாற்ற மறவற்க.

மாணவர்க்கு ஒரு சோதனை

கேட்டதை நம்புவதினும் கண்டதை நம்புவதே அறிவியல். மாணவ மாணவியர் வீட்டிலே செய்து பார்க்கத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரே வகையான இரு தூரிகைகளை எடுத்து, இரண்டையும் நீரில் நன்றாக நனைத்து, ஒரேயளவு முறை உதறுக. ஒன்றைக் காற்றுப் படும் இடத்தில் நிமிர்த்தி வைக்க. மற்றொன்றின் தலையைப் பொலித்தீன் உறையால் இறுகக் கட்டி வைக்க. ஆறு மணி நேரங் கழித்து இரண்டையும் தனித்தனி மையொற்றுத் தாளிலே அழுத்திப் பாருங்கள். எத்தாளில் ஈரக்கறை பெரிதாகப் பரவுகின்றதென்று கண்ணாலேயே காண்பீர்கள். பின்னர் தாய் தந்தையரை அழைத்து அதனைக் காட்டுங்கள். நீண்ட அறிவுரையினும் அவ்வீரத் தாள் அவர்கள் மனத்திலே பதியும்.

தூய்மை என்பது பெருஞ்செல்வர்க்கு மட்டும் உரிய பொருளன்று. ஓடும் நீர், வீசும் காற்று, ஆளுக்கொரு குவளை, காலந்தவறாத மாற்றம் ஆகிய நான்கும் எளியவர் இல்லத்திலும் இயல்வன. ஞாயிற்றுக்கிழமை, வீட்டார் அனைவரும் கூடியிருக்கும் நாள். குளியலறைக் குவளையை ஒருமுறை வெளியே எடுத்து, அதன் அடியை நோக்குங்கள். அதனைக் கழுவி, தூரிகைகளைப் பிரித்து நிறுத்தி, தேய்ந்தவற்றை ஒதுக்கிவிட அரைமணி நேரமும் ஆகாது. பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செய்யுங்கள். அவர்கள் தம் பிள்ளைகளுக்கும் இதனைப் பழக்குவார்கள்.